பூட்டிக் கிடக்கும் அறையைத் திறக்கப் போகிறவர்களுக்கு

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் யாரும் திறக்காத அறை ஒன்றாவது இருக்கும். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி இருக்கிற அறைகள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு, ஒன்றாகப் பங்கு பிரித்தவை. ஒரு புள்ளி கோயம்புத்தூரில், ஒன்று அண்ணாநகரில், ஒன்று சிங்கப்பூரில். சாவி யார் வீட்டு பீரோவில் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கல்யாணம் வந்தால், முன்னோருக்குச் செய்கிற படைப்பு வந்தால், இல்லையென்றால் வீட்டை விற்கப் பேச்சு அடிபட்டால்தான் அந்தப் பூட்டில் கை படும். அப்போது எனக்குப் போன் வரும். “ஆச்சி, அறை திறக்கப் போறோம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்.”

நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, சின்ன வயதில் பர்மாவில் இருந்த வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, போய் அடுத்தாள், அதாவது கடையில் இரண்டாம் ஆள், வரைக்கும் வந்தவர். யுத்தத்தில் எல்லாம் போய் ஊர் திரும்பினார். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், மத்தியான வேளைகளில் பட்டாலையில் உட்கார்த்தி வைத்துப் பழைய பேரேட்டை விரித்து, கணக்கெழுத்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் தெருவில் குறைந்துபோனார்கள். அதனால் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

போகிற இடமெல்லாம் கேட்கிற முதல் கேள்வி, “தங்கம் கிங்கம் இருக்குமா ஆச்சி?” இருக்காது. தங்கத்தை மறந்து வைத்துவிட்டுப் போன செட்டியாரை நான் கேள்விப்பட்டதில்லை. கிடைப்பது வேறு மாதிரி. கூஜாவுக்குள் ஒரு கடுதாசி, அலமாரித் தட்டில் விரித்த சுதேசமித்திரன் தாள், யாருடையது என்றே தெரியாத விலாசம் (குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்) வெட்டிய ஒரு குடம். இவையெல்லாம் எதன் மேலே, எதன் கீழே, எந்தத் துணியில் சுற்றி இருந்தன என்று தெரிந்தால் யார் வைத்தது, எப்போது வைத்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் வளவில் கொண்டுவந்து குவித்துவிட்டால் பித்தளை இத்தனை கிலோ, செம்பு இத்தனை கிலோ என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

திறக்கும் முன்

பங்காளிகள் எல்லோருக்கும் முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் புள்ளியின் அறையாகவே இருந்தாலும் சொல்லுங்கள். வர முடியாதவர்களை வாட்ஸ்அப் வீடியோவில் பிடித்து வையுங்கள். பின்னால் “நீ எடுத்தாய், நான் பார்க்கவில்லை” என்ற பேச்சு வராது.

பழைய சாமான் வாங்குகிறவரை அன்றைக்கு வரச் சொல்லாதீர்கள். சொல்லாவிட்டாலும் வருவார். எப்படித்தான் சேதி போகுமோ, பூட்டு திறந்த ஒரு மணி நேரத்தில் முகப்பில் ஒரு பைக் நிற்கும். காப்பி கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் தொழில் அது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஒருநாள் நின்று பார்த்தால் நம் வீட்டுச் சாமானைப் பற்றி நமக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும் என்பது புரியும். ஆனால் முதல் நாள் வாங்க வந்தவர் பக்கத்தில் நின்றால், நீங்கள் பார்ப்பதும் விற்கிற கண்ணோடு ஆகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஈரக் காற்றில் பழைய காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தை பிறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறைகளில் ஜன்னல் இருக்காது, இருந்தாலும் கையகலம்தான். ஆகவே காலையிலேயே தொடங்குங்கள், நல்ல டார்ச் இரண்டு, நீளமான ஒயரோடு ஒரு பல்பு.

பூட்டை உடைக்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் சாவித் துவாரத்தில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு வைத்தால் காலையில் பாதிப் பூட்டு வழிக்கு வரும். மீதிக்கு ஆசாரியைக் கூப்பிடுங்கள். இரும்புப்பெட்டியாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த சில பெட்டிகளில் சாவித் துவாரம் வெளியே தெரியாது, ஒரு குமிழோ தகடோ தள்ளினால்தான் விலகும். கேஸ் கட்டர் வைத்து வெட்டியவர்களை எனக்குத் தெரியும். உள்ளே இருந்த பத்திரமெல்லாம் ஓரம் கருகி வெளியே வந்தது.

கதவைத் திறந்ததும் உள்ளே போகாதீர்கள். அரை மணி நேரம் காற்றாடட்டும். முகத்தில் மாஸ்க், காலில் செருப்பு. தேளும் பூரானும் நிச்சயம் இருக்கும், பாம்பு இருக்கலாம். இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டால் வந்து பிடிப்பார்கள், வீரம் காட்ட வேண்டாம். வௌவால் எச்சத்தை உலர்ந்தபடியே பெருக்கினால் அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. லேசாகத் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள், பக்கத்தில் காகிதம் இல்லை என்று பார்த்துவிட்டு.

முதல் ஒரு மணி நேரம்

எதையும் தொடக்கூடாது. வாசற்படியில் நின்றபடியே போனில் படம் எடுங்கள். இடது சுவர், எதிர்ச்சுவர், வலது சுவர், தரை, மேலே உத்திரம். உத்திரத்தை எல்லோரும் மறப்பார்கள். கொடி கட்டிய கம்பியும் தூக்கு மாட்டிய கொக்கியும் அங்கேதான் இருக்கும். சில இடத்தில் ஒரு துணி மூட்டையே தொங்கும்.

பிறகு சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நம்பர் போடுங்கள். நான் அறையை நான்கு மூலையாகப் பிரித்துக்கொள்வேன். ஈசானியம், அக்கினி, கன்னி மூலை, வாயு மூலை. வீட்டில் எந்த வயதுக்காரருக்கும் இது புரியும், “அந்த வலது பக்கம், இல்லை, நீ நிற்கிற பக்கத்து வலது” என்ற குழப்பம் வராது. கன்னி மூலை 3 என்றால் கன்னி மூலையில் மூன்றாவது சாமான். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும், ஒருவர் படம் பிடிக்க வேண்டும். எழுதுகிற வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கூடுதலாகவே எழுதுவார்கள்.

பாத்திரங்களை எடுக்கும்போது ஒரு விஷயம். நம் ஆட்கள் இடத்தை வீணாக்க மாட்டார்கள். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குடம், குடத்துக்குள் செம்பு என்று அடுக்கியிருப்பார்கள். கடைசிச் செம்புக்குள் கையை விடாமல், முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கின் நடுவில் வைத்திருக்கிற வைக்கோலையும் தாளையும் குப்பைக்குப் போட வேண்டாம். அந்தத் தாள்தான் பெரும்பாலும் தேதி சொல்லும். ஒரு வீட்டில் மங்கு (எனாமல்) தட்டுகளுக்கு நடுவில் செருகியிருந்த தாள்களை விரித்துப் பார்த்தால், 1920களில் காரைக்குடியிலிருந்து வந்துகொண்டிருந்த ‘குமரன்’ பத்திரிகையின் பக்கங்கள். தட்டு அப்படியே அலமாரிக்குத் திரும்பிப் போனது. தாளுக்குத்தான் நான் தலையணை போட்டுப் படுக்க வைத்தேன்.

விலாசம் பார்ப்பது

எடுத்த ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுத்தோரத்தில் தடவிப் பாருங்கள். பேர் வெட்டியிருக்கும். தேய்ந்து போயிருந்தால் விபூதியை லேசாகத் தடவித் துடைத்தால் எழுத்துக்குள் வெள்ளை நிற்கும், படிக்கலாம். பாட்டையா, அப்பச்சி, தன் பெயர் என்று முதலெழுத்துகளாக வரும் விலாசம் உங்கள் வீட்டு விலாசமாக இருந்தால் சரி. வேறாக இருந்தால் அதைத் தனியாக வையுங்கள். சீராக வந்த பாத்திரமாக இருக்கலாம், அதாவது அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஒருத்தியின் பிறந்த வீட்டு விலாசம். நகரத்தாரில் ஒரே குலக்கோயிலைச் சேர்ந்தவர்கள் என்றால் பங்காளி, பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆகவே இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரையான ஒன்பது கோயிலில் உங்கள் கோயிலைக் கழித்துவிட்டுத் தேடத் தொடங்கலாம். கோயிலுக்குள்ளும் பிரிவு உண்டு, அதைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் சீர்ச் சாமான் பட்டியலே எழுதி வைத்திருப்பார்கள், வெள்ளி விளக்கு முதல் விளக்குமாறு வரை. அது கிடைத்துவிட்டால் மற்ற வேலை சுலபம்.

மங்குச் சாமான், பீங்கான், சுவரில் பதிக்க வாங்கி மிஞ்சிய ஓடு, எதுவானாலும் கவிழ்த்துப் பாருங்கள். சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று அடியில் இருக்கும். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918க்குப் பிறகு வந்தது, அதற்கு முன் அப்படி ஒரு நாடு கிடையாது. ஆத்தங்குடிக் கல் நம்மூர்ச் சிமெண்டில் கண்ணாடிமேல் வார்த்தது, சூளையில் வைக்காதது. பூப் புடைத்து, பளபளவென்று மெருகேற்றியது இருந்தால் அது வெளிநாட்டு ஓடு. பர்மா அரக்குப் பெட்டிகளை வெயிலில் வைக்காதீர்கள், சோப்புத் தண்ணீரும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

காகிதம்

இங்கேதான் நான் நேரம் எடுத்துக்கொள்வேன், மற்றவர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள்.

முதலில் கைப்பெட்டி. சரிந்த மூடியோடு, சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மடிக்கு நேராக வருகிற பெட்டி. ரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைக் கூடத்தில், வரிசையாக உட்கார்ந்து லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்ததெல்லாம் இந்தப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான். உள்ளே சின்னச் சின்ன அறைகள் இருக்கும். ஓர் அளவுகோலை எடுத்து வெளிப்பக்க உயரத்தையும் உள்பக்க ஆழத்தையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் பலகைக் கனத்தைவிட அதிகமாக இருந்தால் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. நெம்ப வேண்டாம். எங்கேயாவது ஒரு சின்ன மரக்கட்டை நகரும்.

ஏடுகளைக் கட்டு கலையாமல் எடுங்கள். கட்டின் வரிசையே கணக்கு. பேரேடு, குறிப்பேடு, வட்டிச் சிட்டை, ஐந்தொகை என்று இருக்கும். அவசரம் என்றால் ஐந்தொகையை மட்டும் பாருங்கள். கொடுத்தது, வாங்கியது, மிச்சம் எல்லாம் அதில் சுருக்கமாக வந்துவிடும். மேலாளுக்கு, அதாவது கடையை நடத்துகிற ஏஜெண்டுக்கு, சம்பளம் பேசி எழுதிய சம்பளச் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள், மூன்று வருஷத்துக்கு இவ்வளவு என்று எழுதி, போகிற ஊர் பெயரும் இருக்கும்.

எழுத்து புரியாவிட்டால் பயப்பட வேண்டாம். பக்கத்தின் தலையில் இருக்கும் ‘உ’ இரண்டு இல்லை, பிள்ளையார் சுழி. மற்ற இடத்தில் ‘௨’ என்றால் இரண்டுதான். ‘௧’ ஒன்று, ‘௫’ ஐந்து, ‘௭’ ஏழு, ‘௮’ எட்டு. ‘௰’ பத்து, ‘௱’ நூறு, ‘௲’ ஆயிரம். ‘௨௰௫’ என்றால் இருபத்தைந்து. தேதியில் ‘௵’ வருஷம், ‘௴’ மாதம், ‘௳’ நாள். கணக்கில் ‘௹’ ரூபாய், ‘௷’ வரவு, ‘௶’ பற்று, ‘௸’ மேற்படி. இந்த ஒரு பத்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டாலே பாதிப் பக்கம் வாசித்துவிடுவீர்கள். காசில் பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஒரு அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை அப்படித்தான்.

வருஷம்தான் சிக்கல். பிரபவ, விபவ என்று அறுபது வருஷமும் சுற்றிச் சுற்றி வரும். ‘விஷு’ என்று எழுதியிருந்தால் அது 1881ஆகவும் இருக்கலாம், 1941ஆகவும் இருக்கலாம். கூட இருக்கிற தபால்தலையையோ முத்திரைத்தாளையோ பாருங்கள். விக்டோரியா ராணி முகம் என்றால் பெரும்பாலும் 1901க்கு முன்னால் அடித்தது. எட்வர்டு 1910 வரை. பிறகு தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை, அதன்பின் தாடி இல்லாத ஆறாம் ஜார்ஜ். பர்மாவிலிருந்து வந்த கவரில் வெறும் இந்தியத் தபால்தலை இருந்தால் 1937 ஏப்ரலுக்கு முன்பு. அந்த மாதம்தான் பர்மாவைத் தனியாகப் பிரித்தார்கள், இந்தியத் தபால்தலைமேலேயே பர்மா என்று அச்சடித்து ஒட்டினார்கள்.

இப்படிக் கணக்குப் போட்டு ஒருமுறை ஒரு கடுதாசியைப் பிடித்தேன். விஷு வருஷம் மாசி மாதம். ஆறாம் ஜார்ஜ் தலை. அப்படியென்றால் 1942 பிப்ரவரி பாதிக்கு மேல், இல்லை மார்ச் முதல் வாரம். மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. எழுதியவர் அடுத்தாள். கடையைப் பூட்டியாயிற்று, பெட்டிச் சாவி இன்னார் வசம், நெல் ஈடு இவ்வளவு, வரவேண்டிய பாக்கி இன்னார் இன்னார், வழியில் ஏதாவது ஆனால் வீட்டில் சொல்ல வேண்டியது இது, என்று நாலு பக்கம். கடைசி வரியில், போன தடவை அனுப்பிய ஊறுகாய் கெட்டுப்போகவில்லை என்று ஒரு சேதி. அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கவரை நூறு தடவை பார்த்திருக்கிறார்கள், தபால்தலைக்காக. உள்ளே வாசித்தது அன்றைக்குத்தான்.

ரூபாய் நோட்டுக் கட்டு கிடைத்தால் எல்லோருக்கும் கண் விரியும். ஆங்கிலத்தில் ‘ஜப்பானிய அரசாங்கம்’ என்று அச்சடித்து, ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும் நோட்டு யுத்தகாலத்து பர்மா நோட்டு, ‘எம்’ என்றால் மலாயா. ஜப்பான் தோற்ற அன்றே அது காகிதம். ஜார்ஜ் ராஜா படம் போட்ட நம் நோட்டும் இப்போது பாங்கில் செல்லாது. பெரிய தொகை நோட்டுகளை 1946லேயே செல்லாதென்று சொல்லிவிட்டார்கள். சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் வீட்டுக் கடன் அடையாது.

காகிதத்துக்குச் செய்யக்கூடாதவை: லாமினேஷன், செல்லோடேப், ரப்பர் பேண்ட், வெயில். செய்ய வேண்டியது நிழலில் உலர்த்துவது, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது, பருத்தித் துணியில் சுற்றுவது. ஓலைச்சுவடி என்றால் நீங்கள் எண்ணெய் தடவிப் பார்க்க வேண்டாம், தெரிந்தவர்கள் தடவட்டும். கொடுக்க மனமிருந்தால் இடம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நம் பக்கத்துக்காரர்தான். போர்டு எழுதுகிற கலைஞர். புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அவர்களிடம் கேளுங்கள். பக்கத்தில் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் இருக்கிறது. மூலத்தைக் கொடுக்க மனம் வராவிட்டால் நகலெடுக்கவாவது கொடுங்கள்.

படங்கள்

கண்ணாடிச் சட்டத்திலிருந்து போட்டோவைப் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் முகம் உரிந்து வந்துவிடும். முதலில் பின்பக்கம் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். ரவிவர்மா அச்சுப் படங்களில் சாமிக்கு ஜரிகைத் துணியும் சமிக்கியும் ஒட்டி அலங்காரம் செய்திருப்பார்கள். அது நம் வீட்டுப் பெண்கள் கைவேலை. அழுக்கென்று நினைத்துப் பிய்க்க வேண்டாம்.

குழுப்படம் கிடைத்தால் முகம் முகமாகப் பாருங்கள். 1919இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்திருந்தார். இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த படம்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற பாரதி படங்களில் ஒன்று. உங்கள் அறையில் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தலைப்பாகை கட்டியவரையெல்லாம் பாரதி என்று எனக்கு அனுப்பவும் வேண்டாம்.

தானாக வருகிற ஆட்கள்

அறை திறந்தால் ஆள் வரும். சத்தம் கேட்டு, தூசி பார்த்து, சும்மா எட்டிப் பார்க்க. வேலையைக் கெடுக்கிறார்கள் என்று விரட்டாதீர்கள். திண்ணையில் உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். அறையில் கிடைத்ததில் பாதி இவர்களால்தான் எனக்குப் புரிந்திருக்கிறது.

ஒரு வீட்டில் தேக்கு அலமாரி ஒன்று, தட்டெல்லாம் காலி, ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டோம். தெருவில் வேறு வேலையாக வந்த வயசான ஆசாரி ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். அலமாரியைப் பார்த்ததும், “இது எங்க பாட்டன் கைவேலைம்மா” என்றார். எப்படித் தெரியும் என்றேன். பதில் சொல்லவில்லை. கீழ்த்தட்டின் அடியில் விரலை ஓட்டினார், ஓரிடத்தில் நின்றது, கட்டைவிரலால் ஒரு தள்ளு. விரல் நீளத்துக்கு ஒரு மர ஆணி நழுவி விழுந்தது. தட்டு அப்படியே முன்னால் வந்தது, அடியில் உள்ளங்கை ஆழத்துக்குப் பள்ளம்.

உள்ளே ஒரு சின்ன நோட்டு. பென்சில் எழுத்து. அந்த வீட்டு ஆச்சி ஒருத்தி தன் சிறுவாட்டுப் பணத்தைத் தெருப் பெண்களுக்கு வட்டிக்கு விட்ட கணக்கு. ‘கீரைக்காரி ௹ ௩’, ‘மேலவீட்டு ஆச்சி ௹ ௨௰’, ‘வண்ணாத்தி மகள் கலியாணம் ௹ ௫’. வந்ததையெல்லாம் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். கலியாணக் கணக்கில் மட்டும் கோடு இல்லை, பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. செட்டியார் மலாயாவில் ஆயிரக்கணக்கில் எழுதிய பேரேடுகள் எதிர்மூலையில் கட்டுக் கட்டாக இருந்தன. பேத்திமார் மூவரும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நோட்டுக்குத்தான் சண்டை.

வருகிறவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “இது என்னன்னு தெரியுமா?” என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்கள், நமக்கு முன்னால் தப்பாகச் சொல்லக்கூடாதே என்று. சாமானைக் கையில் கொடுத்துவிடுங்கள். “இதை எங்க வச்சிருப்பாக?” என்று கேளுங்கள். கை தானாக நீளும், அந்தத் திசையிலிருந்து பேச்சு தொடங்கும். அந்தச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர்களின் மகள், பேத்தி யாராவது ஊரில் இருந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுங்கள். வீட்டுக்காரர்களுக்கு முகப்பு தெரியும், இவர்களுக்கு மூன்றாம் கட்டு தெரியும். போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அதுவும் இரண்டாவது டம்ளர் மோருக்குப் பிறகு.

சில எச்சரிக்கைகள்

படைப்புப் பேழை, அதாவது முன்னோருக்குப் படைக்கிற சாமான் வைக்கும் பெட்டி, தெரிந்தால் அதைத் திறக்காதீர்கள். அதற்கென்று நாள் உண்டு, ஆள் உண்டு. பட்டியலில் ‘பேழை, திறக்கவில்லை’ என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போங்கள்.

புலித்தோல், மான்கொம்பு, யானைத்தந்தம் ஏதாவது இருந்தால் விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் போன்றவையும், எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்ட முக்கியமான கையெழுத்துப் பிரதிகளும் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். சிங்கப்பூர் மாப்பிள்ளை ஆசைப்பட்டார் என்று பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது அவர்தான். தரையைத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அது வேறு சட்டம், 1878ஆம் வருஷத்தது. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய பத்து ரூபாய்.

பழைய கண்டாங்கிச் சேலை மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கும். பிரித்து உதறாதீர்கள். இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு வேட்டியில் கிடத்தி, மடிப்பு இருக்கிற இடத்தில் வேட்டியையே சுருட்டி உள்ளே கொடுங்கள். ஓரத்தில் வண்ணான் குறி இருந்தால் படம் பிடியுங்கள், எந்த வீட்டுத் துணி என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

சாயங்காலம் ஆகும்போது எல்லாம் முடிந்திருக்காது. முடிக்கவும் பார்க்காதீர்கள். எடுத்ததை எடுத்த மூலையிலேயே திரும்ப வையுங்கள், நம்பர் சீட்டோடு. காகிதத்தை மட்டும் தரையிலிருந்து உயர்த்தி, செல் அரிக்காத இடத்தில் வையுங்கள். மரப் பலகைமேல் வேண்டாம், இரும்பு ரேக் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள். பட்டியலை நகலெடுத்துக் கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறையில் மாட்டுங்கள், பங்காளிகள் எல்லோருக்கும் அன்றைக்கே அனுப்புங்கள். புதுப் பூட்டு வாங்கினால் மூன்று சாவி வரும். மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து ஒருவரே வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள்.